மதினி வாசிக்கச் சொன்ன அதிகாரம்

மதினி,

இன்று காலை சபையில் ஞானஸ்நானத் தொட்டியைக் கழுவினேன். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதும் அந்த வாடை குப்பென்று எழுந்தது. கண் எரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். நீங்கள் இருந்தால், "கொஞ்சம் காத்தாடட்டும்த்தா, பெறகு தேய்ப்போம்" என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டியிருப்பீர்கள். பேச ஆள் இல்லாமல் வாடை அடங்குவதற்குக் காத்திருப்பது இவ்வளவு நீளமான வேலையென்று எனக்குத் தெரியாது.

நாளை ஒரு பெண் ஞானஸ்நானம் எடுக்கிறாள். கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். அவளை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவள். தொட்டி கழுவுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் தேய்க்க வேண்டும், இன்னொருவர் அழுக்குத் தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். இரண்டையும் நானே செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகும் விரலிடுக்கில் அந்த வாடை போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொல்வது?

நான் மருமகளாகப் பசுமலை வீட்டுக்கு வந்த நாட்களில் உங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கணவரின் அக்கா, கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். உங்கள் பேச்சே எனக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பது போலப் பேசுவீர்கள். நான் கோரிப்பாளையத்தில் வளர்ந்தவள். வீட்டு வாசலில் ஆட்டோ சத்தமும் தர்கா பக்கத்துக் கடைகளின் சத்தமுமாக இருக்கும், கத்திப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். உங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்கள் மட்டும் பார்க்காதது போல் இருந்தீர்கள்.

எங்கள் வீட்டார் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆலயத்தில் நின்றதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வீடு பாப்டிஸ்ட் சபை. தானாக விசுவாசித்து, தானாகக் கேட்டு, தண்ணீரில் முழுகி எழுந்தால்தான் ஞானஸ்நானம். கல்யாணப் பேச்சில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு திறந்தார்கள். மாமா சபையை நிர்வகிக்கும் மூப்பர் வேறு. குடும்ப ஜெபம் முடியும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லி, ஆண்டவர் இவளுடைய கண்ணைத் திறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார். நான் தலை குனிந்து இருப்பேன். தண்ணீருக்குள் இறங்கினால், அப்பா அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு நின்றது ஒன்றுமில்லை என்று நானே சொன்னதாகிவிடுமே. அந்த நினைப்பில் எத்தனையோ நாள் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் தம்பியிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு சாயங்காலம் போதகரை மாமா வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து, வருகிற மாதமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் டீத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் நீங்கள் வேலையிலிருந்து வந்தீர்கள். டிபன் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"அவ மனசாட்சிக்கு எஜமான் நாம இல்லப்பா. அவளாக் கேக்குறப்ப கேக்கட்டும். கேக்கலைன்னா விட்ருவோம்."

மாமாவுக்குக் கோபம் வந்தது. நமது விசுவாச அறிக்கையில் ஞானஸ்நானத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்று உங்களைக் கேட்டார். தெரியும் என்றீர்கள். அதே அறிக்கையில் அதற்கு முன்னாலேயே மனசாட்சியைப் பற்றி ஓர் அதிகாரம் இருக்கிறது, அதையும் வாசியுங்கள் என்றும் சொன்னீர்கள். போதகர் டீயைக் குடித்துவிட்டு, ஜெபித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் பெயரோடு சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரி மாமாவின் ஜெபத்திலிருந்தும் மறைந்துவிட்டது.

அறிக்கை என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியாது. ஞாயிறுதோறும் நின்றபடி மனப்பாடமாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணம்தான் நான் அறிந்தது. மறுநாள் உங்களிடம் கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தீர்கள். அட்டை கிழிந்து, காக்கித் தாள் ஒட்டியிருந்தது. பழங்காலத் தமிழ். பத்துச் சொல்லுக்கு நாலு சொல் எனக்குப் புரியவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நீங்கள் ஒரு பத்தி வாசிப்பீர்கள், பிறகு அதையே வீட்டுத் தமிழில் சொல்வீர்கள். அப்படித்தான் நாம் இருவரும் ஆரம்பித்தோம். கீரை இல்லாத நாட்களில் அரிசியில் கல் பொறுக்கினோம்.

எதற்காக இதையெல்லாம் எழுதி வைத்தார்கள், வேதம் போதாதா என்று ஒரு நாள் கேட்டேன். உங்கள் எக்ஸ்சேஞ்சை வைத்துப் பதில் சொன்னீர்கள். வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கிறவர் நம்பரைச் சொன்னதும் ஆபரேட்டர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். அப்போதுதான் சரியாகக் கேட்டோமா என்று தெரியும். "அம்புட்டுத்தான் அறிக்கை. அவர் சொன்னதை நாம எப்படிக் கேட்டோம்னு திருப்பிச் சொல்றது. தப்பாக் கேட்டிருந்தா திருத்திக்கலாம்ல."

அந்த அறிக்கையை எழுதிய லண்டன்காரர்களைப் பற்றி, ஏதோ நம் தெருவில் குடியிருந்தவர்களைப் போல நீங்கள் பேசுவது எனக்குப் பிடிக்கும். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. படித்த குருமார் சிலர், கைத்தொழில் செய்தவர்கள் பலர். அரசாங்கத்தின் சபைக்குப் போகாமல் தனியே கூடினார்கள் என்பதற்காகச் சிறைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. இவர்கள் ஜனங்களைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறார்கள், ஒழுக்கம் கெட்டவர்கள், அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் ஊர் பேசியது. அதற்குப் பதிலாகத்தான் உட்கார்ந்து எழுதினார்கள். நாங்கள் நம்புவது இது, எங்கள் பெயரில் சொல்லப்படுகிறவை எங்களுடையவை அல்ல என்று. பின்னால் வந்தவர்கள் இன்னும் விரிவாக எழுதினார்கள். நம் கையில் இருந்தது அதுதான், அதை முதலில் பெயர் போடாமல்தான் அச்சிட வேண்டியிருந்தது. முதல் அறிக்கையின் முடிவில், நாங்கள் அறிந்தது கொஞ்சம்தான், நாங்கள் காணாததை யாராவது வேதத்திலிருந்து காட்டித்தந்தால் தேவனுக்கும் அவர்களுக்கும் நன்றியுள்ளவர்களாக இருப்போம் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது உங்கள் முகம் மலரும். அடி வாங்கிக்கொண்டிருப்பவன் இப்படி எழுதுவது பெரிய காரியம் என்பீர்கள்.

அதற்காக அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் நீங்கள் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ரோமாபுரியின் போப்பைப் பற்றி அதில் ஓர் இடத்தில் கடுமையாக வரும். அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். பக்கத்து வீட்டில் கத்தோலிக்க டீச்சர் அப்போது மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார், நமக்கும் சேர்த்து. இதை எழுதும்போது அவர்கள் வாங்கிய காயம் பேசுகிறது, இதை வைத்து நான் யாரையும் எடை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள். ஒரு புத்தகத்தை மதிப்பதற்கும் அதற்கு அடிமையாவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்று புரிந்தது.

பிறகு நானாகத்தான் கேட்டேன். உங்களிடம் முதலில் சொன்னேன். நீங்கள் சந்தோஷப்பட்டுக் கட்டிக்கொள்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டீர்கள். கோரிப்பாளையத்துக்கு என்னுடன் வந்தீர்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தண்ணீரிலிருந்து எழுந்தபோது நான் பார்த்தது அதைத்தான். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்பா பல வருஷம் கழித்து, படுக்கையில் கிடந்தபோதுதான் சொன்னார். "ஐயா, அன்னைக்கு நீங்க அவளத் தூக்கிக்கிட்டு நின்னு என்ன கேட்டீங்களோ, அதுதான் இன்னைக்கு நடக்குதுன்னு நான் நெனைக்கிறேன்" என்றீர்களாம். சொல்லும்போது அப்பாவின் கண்ணில் தண்ணீர்.

இந்த இடத்தோடு எழுதுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு, நடந்ததில் பாதியை விட்டுவிட முடியாது.

நீங்கள் ரிட்டயர் ஆகி, மாமாவும் இறந்து, வீட்டில் நாம் மூன்று பேர் மட்டும் மிஞ்சிய காலம். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடலில் கட்டி என்றார்கள். அறுவை செய்தார்கள், அதன் பிறகு ஊசி. தலைமுடி கொட்டியபோது நீங்கள் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் மாட்டியிருந்த ஹெட்போனை விட இது லேசாக இருக்கிறது என்றீர்கள். உங்கள் தம்பி சிரிக்கவில்லை. அவருக்கு நீங்கள் அக்கா மட்டும் இல்லை. அத்தை இறந்தபோது அவர் சின்னப் பையன், உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்.

அந்தச் சமயத்தில் நம் சபைக்குப் போதகர் இல்லை. பழையவர் வயதாகி விலகிவிட்டார். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வாரந்தோறும் வர ஆரம்பித்தார். நல்ல குரல், நல்ல பாட்டு. மைக்கைப் பிடித்தால் ஜனம் எழுந்து நிற்கும். காலியாகக் கிடந்த நாற்காலிகள் நிரம்பின. ஒரு ஞாயிறு அவர் உங்களை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபித்தார். கட்டி கரைந்துவிட்டது, இனி ஊசி போடுவது அவிசுவாசம் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். உங்கள் தம்பி தரையில் முழங்கால் போட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் மருந்துப் பையை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். அவர் வெளியே போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள், "நாளைக்கு ஊசிக்குப் போகணும். கூட வாரியா?" நாம் ஆட்டோவில் போனோம். அவர் நம்மோடு வரவில்லை. நாம் திரும்பி வந்தபோது அவர் பேசவும் இல்லை. சில வாரங்கள் கழித்து ஸ்கேனில் கட்டி பரவியிருப்பது தெரிந்தது. பிரசங்கியார் அதைக் கேட்டுவிட்டு, உள்ளே ஒளித்து வைத்திருக்கும் அவிசுவாசம்தான் காரணம் என்றாராம். உங்கள் தம்பி அதை வந்து உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கெஞ்சுவது போல இருந்தது. எப்படியாவது அக்காவை நம்பச் சொல் என்றார். பிழைத்துவிடுவாள் என்றார்.

அவரையே போதகராக அழைக்கலாமா என்று முடிவு செய்ய அங்கத்தினர் கூட்டம் போட்டார்கள். நம் சபையில் ஆணோ பெண்ணோ, ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு குரல். அதுவும் அந்தப் பழைய ஆட்கள் சண்டை போட்டு வாங்கித் தந்ததுதான் என்பீர்கள். வர வேண்டாம், உடம்பு தாங்காது என்று நான் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, ஒரு கேள்வி கேட்கலாமா என்று எழுந்தீர்கள். மெய்யான விசுவாசிக்குச் சந்தேகமே வராதா என்று அவரைக் கேட்டீர்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் விசுவாசம் இல்லை என்றார் அவர். இந்தச் சபை தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட அறிக்கையில் அப்படி இல்லையே, அது தவறென்றால் வேதத்திலிருந்து காட்டுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன் என்றீர்கள். மனுஷர் எழுதியதை வைத்து தேவ ஆவியைக் கட்டிப்போடாதீர்கள் என்று அவர் குரலை உயர்த்தினார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றீர்கள். ஆனால் குரல் ஆடவில்லை.

"நீங்க சொல்றதும் மனுஷர் சொல்றதுதான் ஐயா. அவங்க எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. வேதத்தத் தொறந்து பக்கத்துல வச்சு நான் சரிபாக்க முடியுது. நீங்க எனக்குச் சுகம்னு சொன்னீங்க, இப்ப விசுவாசம் இல்லைன்னு சொல்றீங்க. இத நான் எங்கிட்டுப் போயிச் சரிபாக்க?"

கையுயர்த்தச் சொன்னார்கள். அவருக்காக நிறையக் கைகள் எழுந்தன, உங்கள் தம்பியின் கையும். ஆனால் போதகரை அழைக்க நம் விதிப்படி வேண்டிய அளவு எழவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கப்பலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் தனியாக ஆராதனை ஆரம்பித்தார். சபையில் பெரும்பாலோர் அவரோடு போய்விட்டார்கள். உங்கள் தம்பியும் போனார். அன்று மதியம் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு இல்லை. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அவர் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நீங்கள்தான் என்னை அடக்கினீர்கள். "அவன இழுக்காத. என்னைய உசுரோட பாக்கணும்னுதான் அங்கிட்டுப் போனான்" என்றீர்கள்.

கடைசி மாதங்களில் நீங்கள் மாறிப்போனீர்கள். எல்லோரும் உங்களைத் தைரியசாலி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். பாட்டு நின்றது. வேதத்தைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பீர்கள். கத்தோலிக்க டீச்சர் கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

"ஜெபம் வரமாட்டேங்குது ராணி. மணி அடிக்குது, அங்கிட்டு யாரும் எடுக்கல."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆளு சொன்னது நெசமா இருக்குமோ? எனக்கு விசுவாசமே இல்லையோ?"

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்றவர் நீங்கள். நான் சொல்லக்கூடிய எந்த வார்த்தையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு நீங்களே, பதினெட்டாம் அதிகாரத்தை எடு என்றீர்கள். இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிய அதிகாரம். எத்தனையோ முறை வாசித்ததுதான். வாசித்தேன். மெய்யான விசுவாசிகளுடைய நிச்சயமும் பல விதங்களில் ஆட்டங்காணலாம், குறையலாம், இடையில் நின்றும் போகலாம் என்று வந்தது. சில நேரங்களில் தேவன் தம் முகத்தின் ஒளியை மறைத்து, தமக்குப் பயந்தவர்களையே வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்க விடுகிறார் என்று வந்தது. நீங்கள் கையை உயர்த்தினீர்கள். திரும்பவும் வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். அதற்கு மேலேயும் வாசித்தேன். அப்படிப்பட்டவர்களிடம் தேவன் விதைத்த ஜீவன் அடியோடு அற்றுப்போவதில்லை, முழு நம்பிக்கையிழப்பில் விழாதபடி அந்த நேரத்திலும் தாங்கப்படுகிறார்கள் என்று இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"அப்ப இது நமக்கு முன்னாடி யாருக்கோ வந்திருக்கு" என்றீர்கள். பிறகு, "வந்து, அத மறைக்காம எழுதியிருக்காங்க. வெளியில தள்ளலையே."

அதன் பிறகு வெளிச்சம் வந்ததென்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை, அல்லது வந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் பாடவில்லை. தரிசனம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் அந்த இடத்தை மட்டும் வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தால் தூங்கினீர்கள். ஒரு காலையில், உங்கள் தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கப்பலூர் மண்டபத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். ஒரு காலத்தில் நம்மோடு ஒரே வரிசையில் உட்கார்ந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, "கடைசி வரைக்கும் விசுவாசம் வரல, பாவம்" என்றார். மனதில் வஞ்சனை இல்லாமல்தான் சொன்னார். மெய்யாகவே உங்களுக்காக வருத்தப்பட்டார். அதனால்தான் என்னால் கோபப்படவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற உங்கள் தம்பி அதைக் கேட்டார். தலையைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது சபையில் நாங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால் அறிக்கையிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கும் வழக்கத்தை விடவில்லை. நீங்கள் வாசித்ததை இப்போது நான் வாசிக்கிறேன். காலி நாற்காலிகளுக்கு நடுவே என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது. வீட்டில் கைபேசியைத் திறந்தால் தினம் ஒரு தீர்க்கதரிசனம் வருகிறது. இந்த மாதம் உனக்கு வாசல் திறக்கும், இந்த வாரம் உன் வியாதி போகும் என்று. உங்கள் தம்பி அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார். நான் சமையலறையில் இருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆண்டவரை நோக்கி, தனித்தனியாக ஜெபிக்கிறோம். இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. சண்டை என்றால் சமாதானம் பேச ஆள் வருவார்கள். இது சண்டையும் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கைபேசி இல்லாமல் வந்திருந்தார்.

"அக்கா கடைசியில பயந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பயந்தாங்க."

அவர் முகம் சுருங்கியது. நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, வாசிக்கச் சொன்னதை வாசித்தேன் என்றேன். என்ன வாசித்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் கையை உயர்த்திய அந்த இடத்தைச் சொன்னேன். தினமும் வாசித்ததில் எனக்கு மனப்பாடம். நீங்கள் அதற்குப் பிறகு சொன்னதையும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் அவரைக்காய் நார்களைத் தாளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். என்னிடம் கேட்டாரா, உங்களிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, நான் கிளம்பும்போது ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம்தானே போகிறேன், விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். பின்னால் உட்கார்ந்து போனேன். சபை வாசலில் இறங்கினேன். ஹாரன் அடித்துக்கொண்டு போகும் லாரிகளுக்கு நடுவே அவர் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தியபடியே, நம் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை, மதினி. அவர் கப்பலூர் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்து விடுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் போய்விடுகிறார். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்த வாசலில் வாய் மூடி நிற்கத் தெரிந்ததுதான். அவர் இருட்டில் இருக்கிறாரா, நான் இருக்கிறேனா என்றுகூட எனக்குச் சில நாள் தெரிவதில்லை. வண்டிச் சத்தம் அடங்கும்வரை நிற்கிறேன். பிறகு உள்ளே போய், என் பக்கத்து நாற்காலியையும் சேர்த்துத் தூசி தட்டிவிட்டு உட்காருகிறேன்.